மங்களாம்பிகை வைத்த ஜன்னல்

மருந்தில் தண்ணீர் கலக்கிறாயா என்று முகத்துக்கு நேராக ஒருத்தி கேட்டால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது? அதுவும் அருள்செல்விக்கு! தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றின் புற்றுநோய்ப் பிரிவில் பதினாலு வருஷமாகக் கீமோ மருந்து கலக்குகிறவள் அவள். கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, ரெட்டைக் கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு சொட்டு கூடவும் விடமாட்டாள், குறையவும் விடமாட்டாள். அவளிடம் போய், பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்கும்போது, அந்தக் கேள்வியைக் கேட்டவள் மங்களாம்பிகை. கேட்டதோடு விட்டாளா? ஜாக்கெட் அளவெடுக்கும் நோட்டைப் பிரித்து, அதில் குத்தியிருந்த நாலு துண்டு நூலைப் பிடுங்கிக் கவுண்ட்டர் மேல் போட்டாள்.

நூல் எதற்கு, மருந்து எதற்கு என்று குழம்ப வேண்டாம். முதலில் பஞ்சநதத்தின் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

பஞ்சநதம் மங்களாம்பிகையின் வீட்டுக்காரர். குத்தாலத்துக்குப் பக்கத்தில் மூணு ஏக்கர் சொந்தம், ரெண்டு ஏக்கர் குத்தகை. ஐம்பத்தெட்டு வயசு. வலது தொடையில் ஒரு கட்டி வந்தது. மாட்டுக்கொம்பு இடித்ததாக்கும் என்று ரெண்டு மாசம் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் பார்த்தால் தசையில் வரும் புற்றுநோய். கட்டி, காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டாக்டர் அடைக்கலராஜ் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: "ரெண்டு கீமோ கொடுப்போம். கட்டி சுருங்கிக் குழாயை விட்டு விலகினா, கட்டியை மட்டும் எடுத்துடலாம். விலகலைன்னா காலை எடுக்கணும்."

வரப்பில் நடக்காத நாள் ஒன்று தன் வாழ்க்கையில் உண்டா என்று யோசித்தே பார்க்காத மனுஷர் பஞ்சநதம். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு, "சரிங்க, கீமோவ ஆரம்பிங்க" என்று மட்டும் சொன்னார். 

அந்தக் கீமோ ஒரு சிவப்பு மருந்து. நாலு நாள் விடாமல் மெல்ல ஏற வேண்டும். நாலு நாள் கட்டிலில் கிடக்க வேண்டியதில்லை என்பதற்காக, கையடக்கமான ஒரு பம்ப்பில் மருந்தை நிரப்பிக் கொடுப்பார்கள். வெளியே தெளிவான பிளாஸ்டிக் கூடு. உள்ளே மருந்து நிரம்பிய பலூன். மின்சாரம் வேண்டாம், சத்தம் கிடையாது. பலூன் தானாகச் சுருங்கச் சுருங்க, நெஞ்சுத் தோலுக்கடியில் பதித்திருக்கும் ‘போர்ட்’ வழியாக மருந்து உள்ளே போகும். திங்கட்கிழமை தஞ்சாவூரில் மாட்டிவிட்டால் வெள்ளிக்கிழமை வந்து கழற்றிக்கொள்ளலாம். பம்ப்போடு ஒரு கருப்புப் பையும் வரும், கழுத்தில் மாட்டிக்கொள்ள.

அருள்செல்வி எல்லாரிடமும் ஒரே பாடம்தான் சொல்லுவாள். "பலூன் சுருங்குதான்னு ஒரு நாளைக்கு மூணு தடவை பாருங்க. சுருங்கலைன்னா உடனே போன் பண்ணுங்க." இதைத் தமிழில் அச்சடித்தும் கொடுப்பாள். கொடுத்தால்? பார்க்கத் தெரியாமல் பாதிப் பேர் போன் போடுவார்கள். பையைத் திறக்கப் பயமாயிருக்கு மேடம், திறந்துட்டேன் மூடத் தெரியல மேடம், பம்ப் ஓடுதா மேடம். நாளைக்குப் பத்து போன். மருந்து கலக்குவாளா, போனுக்குப் பதில் சொல்லுவாளா?

பஞ்சநதத்துக்கு முதல் கீமோ ஏறிய நேரம் ஜூன் கடைசி. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்து குறுவை நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. வீட்டில் படுங்கள் என்றால் கேட்கிற ஆளா அவர்? வரப்பில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வயலுக்குத் தண்ணீர் பாயும்போது மடையைப் பார்த்துக்கொண்டே இருப்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். இப்போது மடையோடு சேர்த்துப் பம்ப்பையும் பார்க்க ஆரம்பித்தார். மூணு தடவை பார் என்றால் முப்பது தடவை பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சேற்றுக் கையோடு பையின் வாயைப் பிரிப்பதைப் பார்த்த மங்களாம்பிகைக்குப் பொறுக்கவில்லை.

மங்களாம்பிகை யார் தெரியுமா? சுற்றுவட்டாரத்தில் கல்யாணம் என்றால் பெண்ணுக்கு ஜாக்கெட் அவள் கையில்தான் போகும். கை சுத்தம் அப்படி. வாய்தான் கொஞ்சம் நீளம். அன்றைக்குச் சாயங்காலமே கருப்புப் பையின் முன்பக்கத்தை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எடுத்து, கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தாளை வைத்து, நாலு பக்கமும் மடித்துத் தைத்துவிட்டாள். ஒரு ஜன்னல்! பையைத் திறக்காமலே பலூன் பளிச்சென்று தெரிந்தது. ஜன்னல் ஓரத்துக்கு மருந்தின் நிறத்திலேயே சிவப்பு நூலில் ஓரம் கட்டிப் பைப்பிங் வைக்க வேண்டும் என்று ஆசை வேறு. ஆஸ்பத்திரிச் சாமானுக்கு எதற்கடி மேட்சிங் என்று பஞ்சநதம் கேலி செய்தார். ஆனாலும் அந்த ஜன்னல் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வெள்ளிக்கிழமை அந்தப் பையைப் பார்த்த அருள்செல்வி அசந்துபோனாள். சும்மா சொல்லக்கூடாது, கம்பெனிக்காரனுக்கே தோன்றாத வேலை. "அக்கா, இதை முன்னாடியே ஏன் யாரும் செய்யல! இன்னொண்ணு தைச்சுத் தர முடியுமா?" என்று கேட்டு வாங்கி, குடவாசல் பக்கீர் முகம்மதுவுக்குக் கொடுத்தாள். அவரும் அதே பம்ப் மாட்டுகிறவர்தான். டாக்டர் அடைக்கலராஜ் ரவுண்ட்ஸ் வந்தபோது ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்து, "பிரமாதம்!" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூலையில் ரெண்டாவது கீமோ. ஆகஸ்ட் முதல் வாரம், ஒரு புதன்கிழமை, ஸ்கேன். கட்டி துளிகூடச் சுருங்கவில்லை. இன்னும் கொஞ்சம் பெரிசாகியிருந்தது.

"மருந்து கேக்கல" என்றார் டாக்டர். "இனி தள்ளிப்போட வேண்டாம். காலை அடுத்த வியாழக்கிழமை எடுத்துடலாம்."

பஞ்சநதம் வெளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மங்களாம்பிகை உட்காரவில்லை. நேராக மருந்துக் கவுண்ட்டருக்கு வந்தாள். கதை ஆரம்பித்த இடத்துக்கு இப்போதுதான் வந்திருக்கிறோம்.

"என்னம்மா பேசுறீங்க?" என்றாள் அருள்செல்வி. "யாரைப் பார்த்து என்ன கேக்குறீங்க? ஒவ்வொரு பாட்டில் நம்பரும் எழுதி வச்சிருக்கேன். காட்டட்டுமா?"

"நம்பர் எனக்கு எதுக்கு? நிறத்தைப் பாருங்க." மங்களாம்பிகை நூலை வரிசையாக அடுக்கினாள். முதல் துண்டு குங்குமச் சிவப்பு. அடுத்தது தக்காளி. மூணாவது செங்கல். நாலாவது, காவித் துணியைப் பலமுறை துவைத்த மாதிரி ஒரு வெளிறின நிறம். "திங்கக்கிழமை மாட்டி விட்டீங்களே, அன்னைக்கு மருந்து இந்த நிறம். செவ்வாய் இது. புதன் இது. வியாழன் இது. முதல் கீமோவிலேயே பைப்பிங்குக்கு நூல் வாங்கினேன். அன்னைக்கு அச்சா மேட்ச் ஆச்சு. ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா மேட்ச் ஆகல. நூல் கடைக்காரன் ஏமாத்திட்டான்னு நான் போய்ச் சண்டை போட்டேன். அவன் அடிச்சுச் சத்தியம் பண்றான், அதே நூல்கண்டுதான்னு. அதனால ரெண்டாவது கீமோவுக்கு, அவன் மூஞ்சில எறியணும்னே தினமும் நிறம் பார்த்து நூல் குத்தி வச்சேன். இன்னைக்கு டாக்டர் மருந்து கேக்கலன்னதும்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. நூல் சரியாத்தான் இருந்திருக்கு. மருந்துதான் சரியில்ல!"

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அருள்செல்விக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். செக்யூரிட்டியைக் கூப்பிட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள். அப்படி நினைத்ததைப் பிற்பாடு அவளே வெட்கப்பட்டுச் சொன்னாள். ஆனால் கூப்பிடவில்லை. அந்த நாலு துண்டையும் பார்த்துக்கொண்டே நின்றாள். ஜாக்கெட் துணிக்கு நூல் பொருத்துகிற கண் தப்புப் பண்ணாது என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய கல்யாண ஜாக்கெட்டுக்கு அவள் அம்மா எத்தனை கடை ஏறினாள்!

"எங்க வச்சு நிறம் பாத்தீங்க? ட்யூப்லைட்லயா?"

"ட்யூப்லைட்ல யாராச்சும் மேட்சிங் பாப்பாங்களா? வரப்புல. நல்ல வெயில்ல. அவருதான் காலையில போயி உக்காந்தா பொழுது சாயத்தானே எழுந்திருக்கிறாரு." மங்களாம்பிகை மூச்சு வாங்கினாள். "இதே துணியா இருந்தா, வெயில்ல கிடந்து சாயம் வெளுத்துருச்சுன்னு நானே சொல்லிப்புடுவேன். மருந்துக்கு ஏதுங்க சாயம்?"

அருள்செல்விக்குச் சட்டென்று உறைத்தது.

அந்த மருந்து டப்பாவில் எழுதியிருக்கிறது, வெளிச்சம் படாமல் வைக்கவும் என்று. பதினாலு வருஷமாகப் படிக்கிறாள். அது அலமாரியில் வைக்கிறதைப் பற்றி என்றுதான் நினைத்திருந்தாள். வார்டில் அந்த மருந்தை அரை மணியில் ஏற்றி முடித்துவிடுவார்கள். அதற்குள் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் இது அரை மணியா? நாலு நாள். அதுவும் சலைன் அதிகம் சேர்த்துக் கரைத்த மருந்து. கரைசல் நீர்க்க நீர்க்க வெளிச்சம் அதைச் சீக்கிரம் சிதைக்கும் என்று கல்லூரியில் படித்தது அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. டெல்டாவின் ஜூன் வெயில், ஜூலை வெயில். அதற்கு நேராக உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜன்னல். கம்பெனிக்காரன் அந்தப் பையைக் கருப்பில் கொடுத்தது அழகுக்கா? அவள்தான் அந்த ஜன்னலைப் பாராட்டினாள். அவள்தான் இன்னொன்று தைக்கச் சொன்னாள்.

"அக்கா," என்றாள். "தண்ணி நான் கலக்கல. ஆனா நீங்க சொல்றது நிசம். மருந்து வெயில்ல செத்துருக்கு. அந்த ஜன்னல் வழியா."

மங்களாம்பிகை அப்படியே நின்றாள். அவள் தைத்த ஜன்னல். அவள் கை வைத்து மடித்துத் தைத்த நாலு ஓரம். முகம் இருண்டது. அழப்போகிறாள் என்றுதான் அருள்செல்வி நினைத்தாள். ஆனால் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"ஐயோ, பக்கீர் பாய்! அவருக்கு முந்தாநாள்தானே பம்ப் மாட்டி விட்டீங்க?"

அருள்செல்வி போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப். மறுபடி போட்டாள். அதேதான். அதற்குள் மங்களாம்பிகை குடையை எடுத்துக்கொண்டாள். கும்பகோணம் போய் அங்கிருந்து குடவாசல் பஸ் பிடிக்கப் போகிறாளாம். கொஞ்ச நேரம் பொறுங்கள், போன் கிடைக்கும் என்றால் கேட்டால்தானே? "நான் தைச்சது மேடம். என் கையால கழட்டுனாத்தான் எனக்கு மனசு ஆறும்" என்று சொல்லிவிட்டு, வெளியே பெஞ்சில் இருந்த புருஷனிடம், "இங்கயே இருங்க, வந்துடறேன்" என்று ஒரே வார்த்தை. அடுத்த வாரம் வெட்டப்போகிற கால் அவள் புருஷனுடையது. அதற்கு நடுவில் இன்னொருவர் பம்ப்பைக் காப்பாற்ற மதிய வெயிலில் ஓடினாள். மனுஷி என்றால் அவள் மனுஷி! அருள்செல்விக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

பக்கீர் முகம்மது தன் சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்து, பம்ப்பை மடியில் வைத்து, பலூனைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மங்களாம்பிகை போன வேகத்தில் குடையை விரித்து அவர் மேல் பிடித்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பம்ப்பைச் சுற்றிவிட்டுத்தான் விஷயத்தையே சொன்னாளாம்.

இங்கே அருள்செல்வி சும்மா இருக்கவில்லை. நிறம் வெளுத்தால் மருந்து போய்விட்டது என்று நூலைக் காட்டி டாக்டரிடம் பேச முடியாது. காலையில் கலக்கியதில் மிச்சம் இருந்த மருந்தை, பம்ப்பில் போடுகிற அதே அளவு சலைனில் கரைத்து, ரெண்டு சின்னப் பம்ப்பில் ஏற்றி மூடினாள். ஒன்றைக் கருப்புத் தாளில் சுற்றினாள். மற்றதை அப்படியே விட்டாள். ரெண்டையும் ஒரு பெட்டியில் வைத்து, தெளிவான மூடி போட்டுப் பூட்டி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தொடாதீர்கள் என்று எழுதி வைத்தாள். மறுநாள் பகல் முழுக்க, அதற்கடுத்த நாள் முழுக்க வெயில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கருப்புத் தாளைப் பிரித்தாள். உள்ளே குங்குமச் சிவப்பு அப்படியே. பக்கத்தில் சுற்றாமல் இருந்ததோ, மங்களாம்பிகையின் மூணாவது நூலோடு வைத்துப் பார்த்தால் அச்சு அசல்! கூடப் படித்த பெண் ஒருத்தி பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருந்தாள். அவளிடம் ரெண்டையும் கொடுத்து அளக்கச் சொன்னாள். திங்கட்கிழமை காலை பதில் வந்தது. கருப்புத் தாள் சுற்றியதில் மருந்து முழுசாக இருக்கிறது. சுற்றாமல் வைத்ததில் மூணில் ஒரு பங்குதான் மிச்சம்.

அருள்செல்வி டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உட்காரவில்லை. நூல், ரெண்டு பம்ப், ஆய்வகத் தாள், எல்லாவற்றையும் மேஜையில் வைத்து ஒரே மூச்சில் சொன்னாள். கடைசியில், "இது என் தப்பு டாக்டர். ஜன்னலை நல்லா இருக்குன்னு சொன்னவ நான். அறிக்கையில என் பேரைப் போட்டே எழுதுங்க" என்றாள். வேலை போனாலும் போகட்டும் என்ற முடிவோடுதான் வந்திருந்தாள்.

அடைக்கலராஜ் சத்தம் போடுகிற மனுஷர். அன்றைக்கும் போட்டார். "அந்தப் பையை எதுக்குக் கருப்பா கொடுத்தான்னு ஒருத்தருக்குமா தோணல? படிச்சவங்கதானே எல்லாரும்?" என்று மேஜையைத் தட்டினார். அப்புறம் ஆய்வகத் தாளை ரெண்டு தடவை படித்தார். சத்தம் தானாக இறங்கிப்போயிற்று. "நானும்தான் அதுல குனிஞ்சு பாத்தேன். பிரமாதம்னு வேற சொன்னேன். என் பேரையும் சேர்த்துப் போடுங்க."

வியாழக்கிழமை அறுவை தள்ளிவைக்கப்பட்டது. அந்தத் திங்கட்கிழமை மதியமே பஞ்சநதத்தையும் மங்களாம்பிகையையும் வரவழைத்து, டாக்டர் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். "மருந்து உங்க உடம்புல தோத்துப் போகல. உடம்புக்குள்ள போய்ச் சேரவே இல்ல. அதனால இன்னும் ரெண்டு கீமோ கொடுத்துப் பாக்கலாம். ஆனா ஒண்ணு. இந்த மருந்து இருதயத்தைப் பாதிக்கும். ஆயுசுக்கும் இவ்வளவுதான்னு ஒரு உச்சவரம்பு இருக்கு. வீணாப்போனதையும் உள்ள போனதாத்தான் கணக்கு வைக்கணும். ரெண்டுக்கு மேல துணிய மாட்டேன். அந்த ரெண்டுலயும் கட்டி விலகலைன்னா, அதுக்கு ஆகுற ஆறு வாரத்துல அது நுரையீரலுக்குப் பரவியிருக்கவும் வாய்ப்பு இருக்கு. இப்பவே காலை எடுத்துட்டா அந்தப் பயம் குறைவு. முடிவு உங்களுது."

பஞ்சநதம் டாக்டரைப் பார்க்கவில்லை. அருள்செல்வியைப் பார்த்துக் கேட்டார். "அது என்ன மருந்தும்மா, வெயிலைக் கண்டா செத்துப்போறது? எதுல செய்யுறாங்க?"

"மண்ணுல இருக்குற ஒரு நுண்ணுயிர் சுரக்குறதுங்க ஐயா. வெளிநாட்டுல மண்ணை எடுத்து ஆராய்ஞ்சப்ப கண்டுபிடிச்சது."

"மண்ணா?" பஞ்சநதத்தின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது. "அப்படிச் சொல்லுங்க! அசோஸ்பைரில்லம் உயிர் உரப் பாக்கெட் வாங்குறப்ப வேளாண் டெப்போக்காரன் படிச்சுப் படிச்சுச் சொல்லுவான், வெயில்ல வைக்காதீங்க, செத்துரும்னு. நாத்து வேரை அதுல நனைக்கிறதுகூட நிழல்லதான் செய்வோம். மண்ணுக்குள்ள இருட்டுல பொறந்தது இருட்டுலதானே இருக்கணும்?"

அசோஸ்பைரில்லம் உயிருள்ளது, இது உயிரில்லாத ரசாயனம், ரெண்டும் வேறு வேறு என்று அருள்செல்வி திருத்த வாயெடுத்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். அவருக்குப் புரிய வேண்டியது புரிந்துவிட்டது.

"ரெண்டும் கொடுங்க டாக்டர்" என்றார் பஞ்சநதம். "என் மருந்துக்கு இன்னும் ஒரு நல்ல வாய்ப்பு கொடுக்காம நான் காலைக் கொடுக்க மாட்டேன்."

அவ்வளவு நேரமும் மங்களாம்பிகை தலை நிமிரவில்லை. "என் கையாலதானே எல்லாம்" என்றாள் தரையைப் பார்த்து. அருள்செல்வி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அக்கா, தைக்கிறது உங்க தொழில். அதை ஒழுங்காச் செஞ்சீங்க. மருந்தைத் தெரிஞ்சு வச்சிருக்க வேண்டியது என் தொழில். நான் கோட்டை விட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."  

மூணாவது கீமோவுக்கு வந்தபோது மங்களாம்பிகையின் கையில் ஒரு புதுப் பை இருந்தது. குடைத்துணி ரெண்டு அடுக்கு, உள்ளே கருப்பு லைனிங், வாய்க்கு மடிப்பு மேல் மடிப்பு. விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தால் ஒரு ஊசிமுனை வெளிச்சம் உள்ளே போகாது. பக்கீர் முகம்மதுவுக்கும் ஒன்று. மருந்து போகும் குழாய்க்குக்கூடக் கருப்பு உறை. ஆனால் ஒரு சிக்கல். பலூன் சுருங்குகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? திறந்து பார்க்கவே கூடாது என்றால், பம்ப் அடைத்துக்கொண்டால் கண்டுபிடிப்பது யார்?

அருள்செல்வி தலையைப் பிய்த்துக்கொண்டாள். வழி சொன்னவர் பஞ்சநதம். "ஏம்மா, மருந்து உள்ள போகப் போக பம்ப் எடை குறையணும்ல? நிறுத்துப் பாத்தாப் போச்சு! சாக்குல என்ன இருக்குன்னு பிரிச்சுப் பாத்தா நெல்லு விக்கிறோம்? தராசுல தூக்கி வைக்கிறோம்."

அட, ஆமாம்! சமையலறையில் வைக்கிற சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று போதும். பையோடு மேஜையில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டால் தீர்ந்தது வேலை. அருள்செல்வி ஓடிப்போய்ப் பம்ப்போடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டினாள். பதினோராம் பக்கத்தில், பொடி எழுத்தில், அதே வழிதான் போட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒருத்தரும் அந்தப் பக்கத்தைப் புரட்டியதில்லை. வரப்பில் உட்கார்ந்திருந்த மனுஷர் தானாகவே யோசித்துச் சொல்லிவிட்டார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஆகஸ்ட் ஒன்று, செப்டம்பர் ஒன்று என்று ரெண்டு கீமோவும் முடிந்தன. இந்தத் தடவை பஞ்சநதத்துக்கு முடி முழுக்கக் கொட்டியது. வாய் புண்ணாகிக் கஞ்சிகூட இறங்கவில்லை. போன ரெண்டு தடவையும் இப்படி ஒன்றும் இல்லை. "ஏன் மேடம், இவ்வளவு வாட்டுது?" என்று போனில் கேட்ட மங்களாம்பிகையிடம், "அக்கா, வாட்டுறது நல்லதுக்குத்தான். இப்பத்தான் மருந்து மருந்தா இருக்கு" என்றாள் அருள்செல்வி.

ஸ்கேன் அன்றைக்கு அவள் மருந்து கலக்கப் போகவில்லை. வேறொருவரை வைத்துவிட்டு, டாக்டர் அறை வாசலில் நின்றாள். கதவு திறந்தது. டாக்டர் திரையைத் திருப்பி மூணு பேருக்கும் காட்டினார். எலுமிச்சம்பழம் மாதிரி இருந்த கட்டி பாதியாகச் சுருங்கி, ரத்தக் குழாயை விட்டு விலகி நின்றது. நடுவில் ஒரு கோடு மாதிரி இடைவெளி தெரிந்தது. நுரையீரலிலும் ஒன்றும் இல்லை.

"மருந்து கேட்டிருக்கு" என்றார் டாக்டர். "கட்டியை மட்டும் எடுக்கறேன். கால் இருக்கட்டும்."

இத்தனை மாசமும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மங்களாம்பிகை அங்கேயே, டாக்டர் முன்னாலேயே, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பஞ்சநதம் தன் தொடையைத் தடவிக்கொண்டே, "அழுவாத மங்களம், அழுவாத" என்று சொல்லிக்கொண்டு அவரும் அழுதார்.

அக்டோபரில் அறுவை நடந்தது. மூணாம் வாரம், வலது காலை ஊன்றி, ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு, சம்பா நடவுக்கு ஆள் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று அவசரப்பட்டபடி பஞ்சநதம் வார்டிலிருந்து வெளியே வந்தார். மங்களாம்பிகை அவரை முன்னால் விட்டுவிட்டு மருந்துக் கவுண்ட்டரில் நின்றாள். வரிசை வழக்கம்போல நீளமாக இருந்தது.

"மேடம்," என்றாள். "அன்னைக்கு நான் வந்து கத்துனப்ப, போம்மா, உனக்கு என்ன தெரியும்னு நீங்க கதவைச் சாத்தியிருக்கலாம். சாத்தியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? நாலு நாள் அழுதிருப்பேன். அப்புறம் அவரு காலை எடுத்த டாக்டருக்கே கும்பிடு போட்டுட்டு ஊருக்குப் போயிருப்பேன். அந்தக் கால் போனது தப்புன்னு யாருக்கும் தெரிஞ்சிருக்கவே போறதில்ல. உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது, எனக்கும் தெரிஞ்சிருக்காது."

அருள்செல்விக்குச் செக்யூரிட்டியைக் கூப்பிட நினைத்த அந்த ஒரு நிமிஷம் கண் முன்னால் வந்து நின்றது. கவுண்ட்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, அத்தனை பேர் முன்னாலும் மங்களாம்பிகையின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே என்ன சண்டையா இருந்தாலும் முதல்ல எங்கிட்ட வந்து போடுங்கக்கா."

"அதுக்கு நீங்க வேற சொல்லணுமாக்கும்" என்றாள் மங்களாம்பிகை.